சுருதி சேக்க ஒரு நிமிஷம்

அதுல காலை வச்சிராதீங்க அண்ணாச்சி. கொஞ்சம் அந்தப் பக்கமா நீட்டிக்கிடுங்க. ஆங், போதும். நான் ஏறுனதுல இருந்து கண்டக்டர் ரெண்டு மட்டம் கேட்டுட்டான், பொட்டிக்குள்ள என்னதுன்னு. தையல் மிஷினான்னு வேற கேக்கான். கிதாருப்பா, ஸ்டீல் கிதாருன்னேன். நம்பல. நீங்களும் நம்பலன்னு மூஞ்சியப் பாத்தாலே தெரியுது.

சினிமாவுல நெஞ்சோட அணைச்சுக்கிட்டுக் குதிக்காம்லா, அந்தக் கிதார் இல்ல இது. இத மடியில மல்லாக்கப் போட்டு, இடது கையில ஒரு இரும்புக் கட்டைய வச்சுக் கம்பி மேல வழுக்கி வழுக்கி வாசிக்கணும். வயித்துக்குள்ள வட்டமா ஒரு தகரத் தட்டு இருக்கு. அதனால கரண்டே வேண்டாம். கோயில் கடைசி பெஞ்சுல தூங்குதவனையும் எழுப்பிரும். இத நல்லா ஞாபகம் வச்சுக்கிடுங்க, கரண்டே வேண்டாம்.

என் பேரு அருமைநாயகம். கரண்டு ஆபீஸ்ல ஃபோர்மேனா இருந்து ரிட்டயர் ஆனவன். ஊரு கிருபையாபுரம். எங்க சபையில முப்பத்தோரு வருஷம் நாந்தான் கிதார். இப்ப இல்ல. நானா விலகிட்டேன். விலக்கிட்டாவன்னு சொல்லுதவன் எல்லாம் வயித்தெரிச்சல் புடிச்சவன். அந்தப் பேச்ச விடுங்க.

நீங்க சங்கீதம் தெரியாதவியன்னு பாத்தாலே தெரியுது. தப்பா எடுத்துக்கிடாதீங்க. அதனால வெவரமாச் சொல்லுதேன். இந்தக் கிதார்ல ஆறு கம்பியையும் சும்மா ஒரு இழுப்பு இழுத்தாலே அது ஒண்ணோட ஒண்ணு சேந்து ஒரு பாட்டு மாதிரிக் கேக்கணும். அதுக்குத் தக்கன திருகாணியத் திருகி முன்னக்கூட்டியே சேத்து வச்சிரணும். ஞானப்பாட்டுன்னா வெள்ளக்காரன் மெட்டு, அதுக்கு ஒரு சுருதி, அது டி. கீர்த்தனைக்கு ஒரு சுருதி, அது ஜி. அடக்கத்துக்கு அழுகைச் சுருதி, அது மைனரு. ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்குப் போகணும்னா மூணு கம்பியத் திருகணும். ஒரு கம்பிய எறக்குனா மத்தது தானா ஏறிக்கிடும். ஏறுனத எறக்குனா எறக்குனது ஏறும். ஒரே வீட்டுல மூணு மருமக இருக்குத கதைதான். எல்லாம் சேர நாலு நிமிஷம். ஈரக்காத்து அடிச்சா ஆறு. சபையில இருபது நிமிஷம்பாவ. பொய்யி. ஒரே ஒரு தடவைதான் இருபது ஆச்சு, அதுவும் ஈஸ்டர்.

அந்த நாலு நிமிஷம் சபை என்ன செய்யும்? நல்ல கேள்வி. நீங்க கேக்கல, ஆனா கேப்பீங்க. ஐயர் ஜெபம் பண்ணுவாவ. எங்க பக்கத்துல பாதிரியார ஐயர்ம்போம், சர்ச்சக் கோயில்ம்போம். நான் திருகாணியில கை வச்ச உடனே அவிய என்ன ஒரு பார்வை பாத்துட்டு, 'நாம் ஜெபிப்போம்'பாவ. முதல்ல நோயாளிகளுக்கு. பொறவு மழைக்கு. பொறவு மந்திரிமாருக்கு, கலெக்டருக்கு, பரீச்சை எழுதுத பிள்ளைகளுக்கு. நான் ரெண்டாங்கம்பிக்கு வரும்போது வெளிநாட்டுல இருக்குதவங்களுக்கு வந்துருவாவ. ஒரு ஞாயித்துக்கிழமை காணாமப் போன பால்ராஜ் வீட்டு எருமைக்கும் ஜெபம் நடந்துச்சு. திங்கக்கிழமை எருமை கெடச்சிட்டு! இது யாரால? நீங்களே சொல்லுங்க. எங்க சுத்து வட்டாரத்துல எந்தச் சபையிலயும் அவ்வளவு ஜெபம் கெடையாது. ஒருத்தனாவது அத நெனச்சுப் பாத்தானா?

கல்யாணத்துலயும் அப்படித்தான். பொண்ணு வாசல்ல வந்து நிக்கும். நான் இன்னும் சேத்து முடிச்சிருக்க மாட்டேன். நிக்கட்டும். வைகாசி வெயிலு, தலையில முக்காடு, கையில பூச்செண்டு. பூவு கொஞ்சம் வாடத்தான் செய்யும். ஒரு தடவை மாப்பிள்ளையோட பெரியாத்தா மயங்கிச் சரிஞ்சிட்டாவ. அதுக்கும் என்னையத்தான் சொன்னாவ. அந்தம்மாவுக்குச் சுகர் இருந்துச்சு அண்ணாச்சி, எனக்கும் அதுக்கும் என்ன?

அடக்கத்துல ஒரே ஒரு தடவை மறந்துட்டேன், அத மறைக்கமாட்டேன். காலையில கல்யாணம், சாயங்காலம் சூசை வாத்தியார் அடக்கம். சுருதிய மாத்தாமலே எடுத்து வாசிச்சிட்டேன். பாட்டு அதே பாட்டுதான், ஆனா சந்தோஷமா வந்துட்டு. குழிமேட்டுல நின்ன சனம் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கு. ரெண்டு பேரு காலால தாளம் போடுதாவ. வாத்தியார் சம்சாரம் அழுகைய நிறுத்திட்டு நிமுந்து என்னயப் பாத்தாவ. அதத்தான் நான் சொல்லுதேன், அழுதுக்கிட்டு இருந்தவங்கள நிறுத்துன வாசிப்பு. அவங்க குடும்பம் இன்னைக்கு வரைக்கும் எங்கிட்டப் பேசாது. துக்கம் தாங்கல போல.

அப்பதான் ஜாப்சன் வந்தான். எங்க ஊருப் பயதான், என்ஜினியரிங் படிச்சிட்டு வந்து பாடகர் குழுவுக்குத் தலைவனாயிட்டான். வரும்போதே கீபோர்டோட வந்தான். சின்ன மேசை மாதிரி, பல்லு பல்லா. அதுல ஒரு பொத்தான் இருக்கு பாத்துக்கிடுங்க. அத ஒரு அமுக்கு அமுக்குனா சுருதி மாறிரும். ஒரு அமுக்கு! சனம் வாயப் பொளந்துட்டு. ஐயர் மூஞ்சில அன்னைக்கு நான் பாத்த சிரிப்ப அதுக்கு முன்ன பாத்ததே இல்ல. ஆராதனை ஒண்ணேகால் மணி நேரத்துல முடிஞ்சிட்டு. இத்தன வருஷத்துல முதல் தடவையா சனம் சூடா இட்லி தின்னிச்சாம், அதையும் ஒருத்தன் எங்கிட்ட வந்து சொல்லுதான்.

நான் ஜாப்சன்கிட்டச் சொன்னேன், 'தம்பி, சுருதிய அமுக்கப்படாது, சேக்கணும்'னேன். 'ஆமா பெரியப்பா, நீங்க சேத்துக்கிட்டே இருங்க, நாங்க பாடிக்கிட்டு இருக்கோம்'னான். மரியாதைக்காரப் பயதான். பொறவு என் நாற்காலியப் பலிபீடத்துப் பக்கத்துல இருந்து எடுத்து, பக்கத்துத் தூணுக்குப் பின்னால போட்டான். ஏம்டேன்னு கேட்டேன். அங்கனதான் எதிரொலி நல்லா இருக்கும்னான். எனக்கு உண்மையிலேயே நல்ல இடம்தான் அது. சனத்தோட கண்ணுக்கு நான் தெரியமாட்டேன், அவ்வளவுதான்.

இதெல்லாம் நான் பொறுத்துக்கிட்டேன். எம்மவ கல்யாணத்துலதான் பொறுக்க முடியல.

ஒத்த மவ எனக்கு. எப்சிபா. ஸ்கூல் டீச்சர். மாப்பிள்ளை கோயம்புத்தூர்ல காலேஜ் வாத்தியார். எங்க சபையில பொண்ணு பவனியா உள்ள வரும்போது பாட்டு வாசிக்கணும், அதுதான் கல்யாணத்துக்கே உசுரு. அந்தப் பாட்ட யாரு வாசிக்கது? நாந்தான வாசிக்கணும்? பெத்த தகப்பன், ஊருலயே ஒரே ஸ்டீல் கிதார் கலைஞன். ஒரு மாசம் முன்ன எப்சிபா வந்து பக்கத்துல உக்காந்தா. 'அப்பா, பவனிக்கு ஜாப்சன் அண்ணன் வாசிக்கட்டும்'னா.

'ஏன்ளா?'ன்னேன்.

'நீங்க என் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வரணும்லா. அப்பா தான கூட்டிட்டு வரணும். ரெண்டையும் எப்படிச் செய்வீங்க?'

பாத்தீங்களா! ஜாப்சன் எப்படி உள்ள பூந்து வேலை பாத்திருக்கான்னு. எம்பிள்ளைக்கு அந்த மாதிரிப் பேச்செல்லாம் வராது. கையப் புடிச்சுக் கூட்டிட்டு வாரதுக்கு என்ன பெரிய வித்தையா வேணும்? கை எல்லாருக்குந்தான் இருக்கு. எங்க மச்சினருக்கு இல்லையா? கிதார் எத்தன பேருக்கு இருக்கு?

'பெரிய மாமா கூட்டிட்டு வரட்டும், நான் வாசிக்கேன்'னேன்.

'எனக்குப் பாட்டு வேண்டாம்ப்பா, நீங்கதான் வேணும்'னா. கண்ணுல தண்ணி வச்சுக்கிட்டா. எம்பொண்டாட்டி கனகமணி அடுப்படியில இருந்தே கத்துதா, 'பிள்ள வாய் விட்டுக் கேக்கு, சரின்னு சொல்லித் தொலைங்களேன்'னு.

சரின்னு சொல்லிட்டேன். சண்டை எதுக்கு? கடைசியில ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போடுத நேரம் நான் ஒரு பாட்டு வாசிக்கதுன்னு முடிவாச்சு. சனம் பாதி எந்திரிச்சுப் பந்திக்கு ஓடுத நேரம் அது. அதத்தான் எனக்குக் குடுத்தாவ. வாங்கிக்கிட்டேன். ஆனா மனசுக்குள்ள ஒரு கணக்குப் போட்டேன்.

கரண்டே வேண்டாம்னு சொன்னேம்லா? என் கிதாருக்கு வேண்டாம். ஜாப்சன் கீபோர்டுக்கு?

எங்க ஊரு லைன்மேன் இசக்கிமுத்து. நான் தொழில் சொல்லிக் குடுத்த பய. அவங்கிட்டச் சொன்னேன், 'வியாழக்கிழமை பத்தரைக்குச் சரியா எங்க கோயில் தெரு டிரான்ஸ்பார்மர்ல ஃபியூஸைப் புடுங்கிரு, பதினொண்ணுக்குத் திருப்பிப் போடு'ன்னு. அவன் தலையச் சொறிஞ்சான். 'அண்ணாச்சி, அன்னைக்கு உங்க வீட்டுக் கல்யாணம்லா?'ன்னான்.

'அதுக்குத்தாம்ல சொல்லுதேன்'ன்னேன்.

கோயிலுக்கு ஜெனரேட்டர் உண்டு. அதுக்குச் சாவி என் சட்டைப் பையில. நான் சபைக் கமிட்டியில இருக்கேம்லா. எல்லாம் யோசிச்சாச்சு. கரண்டு போகும், கீபோர்டு செத்துரும், பொண்ணு வாசல்ல நிக்கும், சனம் திகைச்சு நிக்கும். அப்பத் தூணுக்குப் பின்னால இருந்து ஒரு சத்தம் வரும். எல்லாரும் திரும்பிப் பாப்பாவ. எனக்கு அத நெனைக்கும்போதே புல்லரிச்சிட்டு அண்ணாச்சி. இப்பவும் அரிக்கு, இந்தா பாருங்க கைய.

ஒரே ஒரு சிக்கல். கரண்டு போகுத நேரம் நான் கிதார் பக்கத்துல இருக்கணுமே. வாசல்ல பொண்ணோட நின்னா யாரு வாசிப்பா? அதனால கல்யாணத்தன்னைக்குக் காலையில முட்டு வலின்னுட்டேன். சின்னப் பொய்தான். நொண்டி நொண்டி நாலு எட்டு நடந்தும் காமிச்சேன்.

எப்சிபா அலங்காரம் முடிச்சு உக்காந்திருந்தவ எந்திரிச்சு வந்து என் முட்டியத் தொட்டுப் பாத்தா. 'நாம மெதுவா நடந்துக்கிடலாம்ப்பா. எவ்வளவு நேரமானாலும் பரவாயில்ல'ன்னா.

அப்ப எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு, உண்மையச் சொல்லுதேன். ஆனா இசக்கிட்டச் சொல்லியாச்சே? கலைஞன் ஒரு தடவை ஒத்துக்கிட்டா மாறப்படாது. 'இல்லம்மா, முட்டு தாங்காது. பெரிய மாமா வரட்டும்'ன்னுட்டேன். அவ மூஞ்சியக் கண்ணாடிப் பக்கம் திருப்பிக்கிட்டா.

காலையில ஆறு மணிக்கே வீட்டுல வச்சு டி-யில சேத்தாச்சு. ஒரு கம்பி பிசகல. பத்து மணிக்குத் தூணுக்குப் பக்கத்துல போயி உக்காந்தாச்சு. எல்லாம் சரி. அந்நேரம் பாத்து மாப்பிள்ளை வீட்டுக் கோயம்புத்தூர்க்காரர் ஒருத்தரு, நல்ல படிச்ச மனுஷரு, பக்கத்துல வந்து, 'ஏனுங்க, இது என்ன வாத்தியமுங்க?'ன்னு கேட்டாரு.

என்ன செய்யச் சொல்லுதீங்க? வாய மூடிக்கிட்டு இருக்க முடியுமா? இத்தன வருஷத்துல கேட்டவனே மூணு பேருதான். சொன்னேன். டி எப்படி இருக்கும்னு இழுத்துக் காமிச்சேன். 'பிரமாதமுங்க'ன்னாரு. அப்ப ஜி எப்படி இருக்கும்னு காமிக்க வேண்டாமா? அஞ்சாங்கம்பிய ஏத்தி வச்சிருந்தத எறக்கி, மூணாவதையும் ரெண்டாவதையும் ஏத்தி, ஜி-க்கு மாத்திக் காமிச்சேன். மனுஷரு பாதியிலேயே, 'பாத்ரூம் எங்கீங்க?'ன்னு கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. சரி, திருப்பி டி-க்குக் கொண்டாருவோம்னு திருகாணியில கைய வைக்கேன், ஃபேன் எல்லாம் நின்னுட்டு.

பத்தரை. டாண்ணு. இசக்கி தொழில்ல சுத்தம், நாந்தான பழக்கினேன்.

ஜாப்சன் கீபோர்ட்ல ரெண்டு அடி வாசிச்சிருந்தான், அதோட நின்னுட்டு. பயலுக்கு முகத்துல ஈயாடல. சனம் விசிறி தேடுது, மாப்பிள்ளையோட அம்மா பட்டுச்சேலையால வீசிக்கிடுதாவ. ஒருத்தன் ஜெனரேட்டருக்கு ஓடுனான், சாவியக் காணோம்னு ஓடி வந்தான். பொறவுதான் கனகமணி சொன்னா, 'கரண்டு போனதும் கோயில்ல எல்லாருக்கும் மூஞ்சி சுருங்குச்சு, உங்க ஒருத்தருக்குத்தான் பல்லு தெரிஞ்சுச்சு'ன்னு. இருக்கலாம். எல்லாம் என் கணக்குப்படியே நடந்துச்சு அண்ணாச்சி. வாசல்ல எம்மவ, மச்சினர் கையப் புடிச்சுக்கிட்டு. சனம் திகைச்சு நிக்கு. எல்லாம் அப்படியே. கிதார் மட்டும் ஜி-யில கெடக்கு.

எட்டிப் பாத்தேன். எப்சிபா அணைஞ்சுபோன லைட்டப் பாக்கல, நின்னுபோன ஃபேனப் பாக்கல. நேரா என்னயத்தான் பாத்துக்கிட்டு இருந்தா.

ஐயர் நான் திருகாணியில கை வச்சதப் பாத்துட்டாவ. பழக்கந்தான, 'நாம் ஜெபிப்போம்'னு ஆரம்பிச்சாவ. நான் அஞ்சாங்கம்பிய முடிச்சிட்டேன். அவிய மழைக்கு வந்தாவ. நான் ரெண்டாவத எறக்குனேன், அஞ்சாவது ஏறிட்டு. அத எறக்குனேன். ஐயர் பரீச்சை எழுதுத பிள்ளைகளுக்கு வந்தாவ, மே மாசம் எவம்ப்பா பரீச்சை எழுதுதான்? மூணாங்கம்பி மட்டும் நிக்க மாட்டேங்கு. வேர்வையில திருகாணி வழுக்குது. கலெக்டருக்கும் ஆச்சு, மந்திரிமாருக்கும் ஆச்சு. ஐயரே ஜெபத்த முடிச்சிட்டாவ. சொல்லுததுக்கு யாரும் மிச்சம் இல்ல. கோயிலே கப்சிப்னு கெடக்கு. என் மூணாங்கம்பி மட்டும் டொய்ங், டொய்ங்னு.

அப்பதான் பாட்டுச் சத்தம் கேட்டுச்சு. யாருன்னு பாக்கேன், எப்சிபா! வாசல்ல நின்னவாக்குல, தானே பவனிப் பாட்ட எடுத்துப் பாடிக்கிட்டு நடந்து வாரா. கல்யாணப் பொண்ணு பாடலாமா? அவ பாடியே நான் கேட்டதில்ல. பத்து வயசுல ஒரு தடவை பாடகர் குழுவுல சேருதேன்னு வந்தா. 'உனக்குச் சுருதி நிக்காது, பாடாத'ன்னு சொல்லிட்டேன். அதுல இருந்து வீட்டுல வாயத் திறந்ததில்ல. இப்ப என்னடான்னா முதல் அடிய ஒத்தையில பாடுதா, ரெண்டாவது அடியில பொம்பளைங்க எல்லாரும் சேந்துக்கிட்டாவ, மூணாவதுல ஆம்பளைங்க. கரண்டும் இல்ல, கீபோர்டும் இல்ல. கோயில் கூரை அதிருது.

எல்லாரும் அழுதாவ அண்ணாச்சி. கனகமணி அழுதா, ஜாப்சன் அழுதான், அந்தப் பாத்ரூம் கேட்ட மனுஷரும் கண்ணத் தொடைச்சாரு. ஆனா நான் ஒண்ணு சொல்லுவேன். அவ எடுத்தது ஈ சுருதி. டி இல்ல. நான் சேத்துக்கிட்டு இருந்ததுக்கு ஒரு முழுக் கட்டை மேல. இத நான் எங்கன போயிச் சேக்க?

நடந்து வந்தவ என் தூணுகிட்ட வந்ததும் நின்னா. பாடிக்கிட்டேதான் நின்னா. மச்சினர் கையில இருந்து அவ கைய உருவி, எனக்கு நேரா நீட்டுனா. பலிபீடத்துக்கு இன்னும் பத்து எட்டுதான் இருக்கும். வாங்கப்பான்னு கண்ணாலயே கூப்புடுதா.

என் ரெண்டு கையும் கிதார்ல இருக்கு. மூணாங்கம்பி அந்நேரந்தான் சேருத மாதிரி வருது. அந்நேரம் விட்டா போச்சு, இந்த வேலை செஞ்சவங்களுக்குத்தான் அது தெரியும். ஒத்த விரலத் தூக்கி, 'ஒரு நிமிஷம்மா'ன்னேன்.

அவ ஒரு அடி பாட்டு முடியுத வரைக்கும் கைய நீட்டிக்கிட்டு நின்னா. ஒரு அடிதான். பொறவு கைய எடுத்துட்டா. மச்சினர் கையக்கூடப் புடிக்கல. தனியா நடந்து போயி மாப்பிள்ளை பக்கத்துல நின்னுக்கிட்டா.

சொல்லுங்க, ஒரு நிமிஷந்தான கேட்டேன்? பெத்து வளத்த தகப்பன் வாய் விட்டு ஒரு நிமிஷம் கேட்டா, குடுக்கப்படாதா? கோயம்புத்தூர் போயி ஒரு வருஷம் ஆகப் போவுது. அவ அம்மாகிட்டத்தான் பேசுதா. நான் ஃபோன எடுத்தா, 'நல்லா இருக்கீங்களாப்பா? அம்மாகிட்டக் குடுங்க'ங்கா. அவ்வளவுதான். எனக்கு மனசு ஆறல. என்ன தப்பு செஞ்சேன்னு ராப்பகலா யோசிச்சுப் பாத்துட்டேன், ஒண்ணும் கெடைக்கல.

ஆங், இந்தா ஸ்டாப்பு வந்துட்டு. இங்கன ஒரு சபையில நாளைக்குக் கல்யாணம், நாந்தான் வாசிக்கேன். என்னயப் பத்தி ஒண்ணும் கேள்விப்படாத சனம், அருமையான சனம். அந்தப் பொட்டிய மட்டும் கொஞ்சம் எடுத்துக் குடுங்க. மெதுவா, மெதுவா.

என்னது? மூணாங்கம்பியா? சேந்துச்சே! சேராம விடுவேனா? கையெழுத்தெல்லாம் போட்டு முடிச்சு, பொண்ணு மாப்பிள்ளை காருக்குப் போன பொறவு சுத்தமா வந்து நின்னுச்சு. பவனிப் பாட்ட முதல் அடியில இருந்து கடைசி அடி வரைக்கும் முழுசா வாசிச்சேன். ஒரு பிசகு இல்ல. கோயில்ல ஒருத்தர் இல்ல, எல்லாரும் பந்திக்குப் போயாச்சு. வாசலப் பாத்துக்கிட்டே வாசிச்சேன் அண்ணாச்சி. அவ உள்ள நடந்து வருத மாதிரியே இருந்துச்சு.